குடும்பத் தலைவரின் சுவர்

நான் வீடு வாங்கிய செய்தி பரவியதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஹாலுக்கு என்ன ஸ்டைல்? கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் அழுத்தம் போதுமா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வேலையிடத்தில் ஒரு தோழி ஸ்கேண்டினேவியன் என்றாள். அண்ணி மாடர்ன் லக்சுரி என்றார். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்ற ஓர் அக்கா, இப்போதெல்லாம் ஜப்பான்காரர்கள் மாதிரி வைப்பதுதான் அழகு என்று எனக்கு வகுப்பு எடுத்தார். அவர் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் பூச்சாடிகளுக்கு நடுவே மனிதர் நடக்க வழி இருக்காது.

எனக்கு ஸ்டைல் என்ற சொல்லே பிடிக்காது. கூலிம் நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளராக வேலை செய்கிறேன். ஓர் இயந்திரத்தை வாங்கும் முன் அது எந்த நிறம் என்று நாங்கள் பேசுவதில்லை. அது என்ன வேலை செய்ய வேண்டும், யார் துடைப்பார்கள், கெட்டுப்போனால் எந்தப் பக்கத்திலிருந்து கையை உள்ளே விடுவது என்று கேட்போம். ஹாலைப் பற்றியும் அப்படித்தான் கைப்பேசியில் வரிசையாக எழுதிவைத்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து நான் பகலில் தூங்க வேண்டும். மாடி அறை மதியத்தில் கொதிக்கும். ஆகவே ஹாலில் வெளிச்சத்தை முழுதாக மறைக்கும் திரை வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. தாழ்வான சோபா ஆகாது, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி வேண்டும். மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே துணி காயப்போட இடம் வேண்டும். எங்கள் வட்டார ஜெபக் கூட்டம் வீடு வீடாக மாறி மாறி நடக்கும். எங்கள் முறை வரும்போது ஆட்கள் பாய் விரித்து உட்காரத் தரை காலியாக இருக்க வேண்டும். அறுவடை முடிந்து வைக்கோல் கொளுத்தும் நாள்களில் யான் என்ற ஊரின் வயல் பக்கமிருந்து கரித்தூள் காற்றில் வந்து இறங்கும். ஆகவே மடிப்பும் குழியும் உள்ள எதுவும் சுவரில் இருக்கக்கூடாது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வந்தது வெறும் வெள்ளைச் சுவர், சில நாற்காலிகள், சுவரோடு மடித்துவிடக்கூடிய ஒரு மேசை. அவ்வளவுதான்.

அண்ணன் அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

“கிளினிக் தொறக்கப் போறாம்மா இவ. டோக்கன் மெஷின் ஒன்னு வச்சிட்டா போதும், ஆளுங்க தானா வந்து உக்காருவாங்க.”

அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அண்ணனுடைய கேலிக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வேலை இருக்கும். முதலில் கேலி வரும், பிறகு அவன் விருப்பம் வரும், கடைசியில் அது அம்மாவின் விருப்பமாக மாறி என்னிடம் வந்து சேரும். நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து வீட்டிலும் அப்படித்தான். அங்கே ஹாலில் இருந்த ஒரே மின்விசிறியும் தொலைக்காட்சியும் அவனுக்கு. நான் சமையலறையில் அரிசி வாளியின் மேல் பலகை போட்டுப் படித்தேன். அந்த வீட்டை நினைத்து எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை. அதை இடித்துச் செம்பனை நட்டபோது நல்லது என்றுதான் நினைத்தேன்.

இந்த வீடு பாக்கார் ஆராங்கில், வரிசை வீடுகளில் நடுவில் உள்ள ஒன்று. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் வாடகை அடுக்ககத்தில் இருந்தோம். அண்ணன் திருமணம் ஆனதிலிருந்து பீடோங்கில் மாமியார் வீட்டில் இருக்கிறான். வீட்டோடு மாப்பிள்ளை என்று அவனை யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுதும் யாரிடமும் பேச மாட்டான். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நான். மாதத் தவணை கட்டுவது நான். இதை இங்கே சொல்லக் காரணம், அந்தச் சில மாதங்களில் இதை நினைவில் வைத்திருந்த ஆள் நான் ஒருத்திதான்.

வாரத்துக்கு இரண்டு முறையாவது அண்ணன் எனக்குப் படங்கள் அனுப்பினான். தங்கக் கோடு ஓடும் சலவைக்கல் போன்ற பிளாஸ்டிக் பலகைகள் ஒட்டிய டிவி சுவர். பிளாஸ்டர் சீலிங்கின் ஓரங்களில் ஒளிந்திருந்து நீலமாக எரியும் விளக்குகள். கருப்புக் கண்ணாடி. நான் ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்பினேன். காரணத்தையும் எழுதினேன்: தூசி, சூடு, பசை, பின்னால் ஓடும் வயர்களை எட்ட முடியாது. அவன் காரணங்களைப் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் வேறு கோணத்தில் எடுத்த அதே சுவரை அனுப்பினான்.

அம்மாவுக்கு நாற்காலி பார்க்கச் சுங்கை பட்டாணியில் ஒரு சோபாக் கடைக்குப் போனோம். அண்ணனும் அண்ணியும் அழைக்காமலே வந்தார்கள். அம்மா இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்து பார்ப்பதற்குள் அண்ணன் ஒரு பெரிய சாய்வு சோபாவில் காலை நீட்டிப் படுத்துவிட்டான். கடையில் வேலை செய்யும் சீனப் பெண் அவனைப் பார்த்து, இது உங்கள் புது வீட்டுக்கா என்று மலாயில் கேட்டாள்.

“யாலா,” என்று ஆமோதித்தான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அந்தப் பெண் அதன் பிறகு விலை, நிறம், கொண்டுவந்து சேர்க்கும் நாள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். நான் பணப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்குக் கைப்பிடி நாற்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். காரில் அம்மா, கடைக்காரப் பெண்ணிடம் போய் அது யார் வீடு என்று அவன் விளக்கம் சொல்லிக்கொண்டா இருப்பான் என்று கேட்டார். நான் காரை ஓட்டினேன்.

ஹாலின் சீலிங், சுவர் வேலைக்கு அம்மா ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார். எங்கள் ஆள், எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குச் சீலிங் போட்டவர், தேவாலயத்தில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். ஹாலின் அளவுகளை வரைந்து, மின் இணைப்புகள் வரும் இடங்களைக் குறித்து அனுப்பினேன். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டார். போகும்போது அண்ணனுடைய எண்ணை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் பிறகு பிரச்சினை வராது என்றார்.

அந்த வாரம் முழுதும் எனக்கு இரவு ஷிஃப்ட். அம்மா இன்னும் அடுக்ககத்தில்தான் இருந்தார். புது வீட்டின் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து காலையில் நேரே புது வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. என் வெள்ளைச் சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் தரையிலிருந்து சீலிங்வரை சலவைக்கல் பலகை பளபளத்தது. இடது பக்கம் ஓர் ஆளுயரக் குழி, அதைச் சுற்றி விளக்கு. வலது பக்கம் இன்னொரு குழி, கொஞ்சம் அகலமாக. அதற்கும் விளக்கு. காண்ட்ராக்டர் அங்கிள் ஏணிமேல் நின்று வயரைச் செருகிக்கொண்டிருந்தார்.

இடது குழி எதற்கென்று எனக்குப் புரிந்தது. கத்தோலிக்கர் வீடுகளில் குடிபோகும்போது சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அன்றைக்குத் திரு இருதய ஆண்டவர் படத்தை ஹாலில் நிறுவுவார்கள். அந்தப் படத்துக்கு ஒளிவட்டம் கட்டியிருக்கிறார்கள். வலது பக்கம் எதற்கு என்று கேட்டேன்.

“அது கல்யாணப் போட்டோவுக்கும்மா.”

“யாரு கல்யாணம், அங்கிள்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அண்ணன் அண்ணி போட்டோதான். ஸ்டூடியோவுல பெருசாக்கக் குடுத்திருக்காங்களாம். அளவெல்லாம் அனுப்பிட்டாரே.”

அப்போதுதான் எல்லாப் படங்களும் சாய்வு சோபாவும் ஒன்றாகச் சேர்ந்தன. அவன் எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தன் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். சாவி கொடுத்தது அவர்தான். மறுக்கவும் இல்லை. அவனுக்கும் ஒரு வீடு வேண்டாமா என்றார். மாமியார் வீட்டில் அவன் தலைகுனிந்து கிடக்கிறான் என்றார். மேலே இரண்டு அறை சும்மாதானே இருக்கிறது என்றார். சொல்ல வந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டார்.

“நீ இன்னிக்கோ நாளைக்கோ ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிருவ. அப்புறம் அது யாரு வீடு? அவன்தான் என்னைப் பாத்துக்கணும்.”

இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அழுவார், அழுதால் நான்தான் குற்றவாளி ஆவேன்.

அங்கிளிடம் பலகைகளைக் கழற்றச் சொன்னேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வாசலில் போய் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தார்.

“நான் கை வைக்க மாட்டேன்மா. அண்ணன் வந்து சொல்லட்டும்.”

“வீடு யாரோடது அங்கிள்?”

“ஒன்னுதுதான். அது எனக்குத் தெரியாதா? ஆனா ஒங்கிட்டப் பேசுனா நீ அளவு பேசுற. அண்ணன்தான் டிசைன் பேசுறாரு.”

எனக்குக் கத்தத் தெரியாது. ஃபேக்டரியில் கத்துகிற பொறியாளரை யாரும் இரண்டாம் முறை மதிப்பதில்லை. காரிலிருந்து என் கருவிப் பெட்டியை எடுத்து வந்தேன். மின்பெட்டியில் ஹாலுக்கான இணைப்பை அணைத்தேன். சோதனைப் பேனாவை வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்தேன். விளக்கு நாடாக்களைச் சுற்றி எடுத்து ஓரத்தில் வைத்தேன். பிறகு பலகைகளின் விளிம்பில் தட்டை இரும்பை நுழைத்து ஒவ்வொன்றாக நெம்பினேன். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பலகையும் போகும்போது சுவரின் பூச்சையும் கூடவே பெயர்த்துக்கொண்டு போனது. மதியத்துக்குள் சுவர் முழுதும் மஞ்சள் பசைக் கட்டிகளும், இடையிடையே செங்கல்லும் தெரிந்தன. ஒரு பலகையைக்கூட உடைக்கவில்லை. எல்லாவற்றையும் கார் நிறுத்தும் இடத்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். அங்கிள் இரண்டாவது சிகரெட் முடியும்போதே போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அண்ணி காரைவிட்டு இறங்கவில்லை, இன்ஜினும் நிற்கவில்லை. அண்ணன் ஹாலின் நடுவில் நின்று சுவரைப் பார்த்தான். பிறகு என் நகங்களில் இருந்த பசையைப் பார்த்தான்.

“பைத்தியமா ஒனக்கு?”

“பலகை வெளிய இருக்கு. ஒன்னும் ஒடையல. பீடோங்கில ஒட்டிக்க.”

பீடோங் என்ற சொல்லை நான் தெரிந்தேதான் சொன்னேன். அவன் முகம் மாறியது.

“ஒத்தைப் பொம்பளைக்கு எதுக்குலா இவ்வளவு பெரிய ஹாலு?”

“தூங்க.”

அம்மா குடியிருக்கப்போகும் வீட்டில் தனக்கு உரிமை இல்லையா என்று கேட்டான். விருந்தாளியாக எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். விருந்தாளி என்றதும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வதாகப் போனை எடுத்தான். நானே காலையில் பேசிவிட்டேன் என்றதும் திரும்பப் பையில் போட்டான். சாவியைக் கேட்டேன். சமையலறை மேடைமேல் எறிந்தான். வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

“ஞாயித்துக்கிழமை ஃபாதர் வருவாரு. படத்த நிறுவ குடும்பத் தலைவரக் கூப்புடுவாரு. அன்னிக்கு அத்தனை பேரு முன்னால யாரு போய் நிப்பா? நீயா?”

“ஆமா.”

“பாப்போம்.”

பயமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் பார்க்கப்போவதில்லை. அந்தப் படத்தை யார் கையில் ஏந்தி நின்றார் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீடு அவருடையது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் எடுத்துவிட்டால், அடுத்த மாதம் அவன் பெட்டிகளோடு வரும்போது நான்தான் வந்து கெடுக்கிறவளாக இருப்பேன்.

ஞாயிறு மதியம் வட்டாரத்து ஆட்கள் வந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான். பூசி முடிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை. பூச்சாடி அக்கா என் காதருகே வந்தார்.

“இதுதான் இப்ப ஃபேஷனா பிள்ள? இதுக்கும் காசு குடுத்தியா?”

பக்கத்தில் இருந்தவர் தெரிந்தவர்போல் தலையாட்டினார். “அலோர் ஸ்டார்ல ஒரு காப்பிக் கடையில இப்படித்தான் சுவத்த ஒடச்சு வச்சிருக்கான். இண்டஸ்ட்ரியலாம். கேக்கு சாப்புட்டா நம்ம மேலயே கொட்டும்.”

அம்மா தன் கைப்பிடி நாற்காலியில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். என்னிடம் பேசிச் சில நாள் ஆகியிருந்தது. அண்ணன் வெள்ளை நிற முழுக்கைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான். அண்ணி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார், வீட்டுக்காரியைப் போல. குவளைகள் எங்கே என்று மட்டும் என்னைக் கேட்க வேண்டியிருந்தது.

ஃபாதர் இளைஞர், பங்குக்குப் புதியவர், எங்கள் கதை அறியாதவர். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பிறகு ஹாலில் நின்று புத்தகத்தைத் திறந்தார்.

“குடும்பத் தலைவர் படத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள்.”

நான் எழுந்தேன். அண்ணனும் எழுந்தான். மேசை அவனுக்கு அருகில் இருந்தது. அவன் படத்தை இரண்டு கைகளிலும் எடுத்து, தலையைக் குனிந்து, அந்தப் பெரிய சுவரை நோக்கி நடந்தான். குழி இருந்த இடத்துக்கு நேரே போய் நின்றான். அங்கே பசைக் கட்டிகளும் செங்கல்லும்தான் இருந்தன. மாட்ட ஓர் ஆணி இல்லை. அவன் வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து ஆணியைத் தேடினார்கள்.

அன்று காலையில் எதிர்ச் சுவரில், அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், நான் துளையிட்டுக் கொக்கி ஆணி வைத்திருந்தேன். அவனை மாட்டிவிட அப்படிச் செய்யவில்லை. வெயில் படாத, கரித்தூள் வராத இடம் அது ஒன்றுதான்.

“ஆணி இங்க இருக்கு, அண்ணே,” என்றேன்.

அவன் திரும்பினான். நாலு எட்டு நடந்து வந்து மாட்டியிருந்தால் அன்றைக்கு அவன்தான் ஜெயித்திருப்பான். எனக்கு அது தெரியும். ஆனால் நான் காட்டிய இடத்தில் மாட்ட அவனால் முடியவில்லை. வந்தான், படத்தை அம்மாவின் மடியில் வைத்தான், “இவளே எல்லாம் வச்சுக்கட்டும்” என்று எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டான்.

அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று ஃபாதர் மெதுவாகச் சொன்னார்.

“அவளே மாட்டட்டும் ஃபாதர்,” என்றார் அம்மா. “அவளுக்குத்தான் ஸ்டூல் இல்லாம எட்டும்.”

நான் மாட்டினேன். உயரம் சரியாக இருந்தது. ஃபாதர் புத்தகத்தில் இருந்தபடி இந்தக் குடும்பத்தின் தலைவரை ஆசீர்வதிக்கும்படி மன்றாடியபோது, பழக்கத்தில், அண்ணன் போன வாசல் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். ஆமென் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அண்ணன் சாப்பிடாமல் போனான். அண்ணி இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். பலகைகளை எடுத்துப்போக மறுவாரம் ஒரு லாரியை அனுப்பினான்; அவன் வரவில்லை. அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. அம்மாவும் புது வீட்டில் குடிவந்து என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பேசாமல் இருந்தார். உப்பு குறைவு என்றால் தட்டைத் தள்ளி வைப்பார். அதுதான் பேச்சு.

சுவரைப் பூச வேறு ஆள் கிடைக்காமல் அதே அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அவர் என்னைத் தாண்டி அம்மாவிடம் போய், முழுதும் உரித்துப் பூசுவதா, அல்லது மேலே ஏதாவது பலகை போட்டு மூடிவிடுவதா, அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னைய ஏன் கேக்குறீங்க? நான் இங்க வாடகைக்கு இருக்கேன். அவன் பீடோங்கில இருக்கான். அந்தா நிக்குதே ஓனரு, அதுகிட்டக் கேளுங்க.”

என்னைக் குத்தத்தான் அப்படிச் சொன்னார். அவர் அறிந்த சொற்களிலேயே ஓனர் என்பதுதான் கசப்பானது. அங்கிள் படிக்கட்டுப் பக்கம் என்னிடம் வந்து, காதில் இருந்த பென்சிலை எடுத்தார்.

முழுதும் உரிக்க வேண்டும், சமமாகப் பூச வேண்டும், மினுங்காத வெள்ளை அடிக்க வேண்டும் என்றேன். அளவையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.